பதனியும் சவ்வும் கொஞ்சம் புகையும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியல மக்களே. லேப், ரிப்போர்ட், அதுக்கு நடுவுல ரூம் மாறினது என்று ஓடிப் போச்சு. யாரும் தேடலைன்னு தெரியும், இருந்தாலும் ஒரு மரியாதைக்குச் சொல்லி வைக்கிறேன் :-)

இன்னைக்கு எழுத உட்கார வெச்சது எங்க பெரியப்பா. உடன்குடிப் பக்கம் பனையேறி. சீசனில் காலையிலும் சாயங்காலமும் முப்பது பனைக்குக் குறையாமல் ஏறி இறங்குகிற மனுஷன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "ஏல, அங்க என்னதாம்ல படிக்க?" என்று கேட்டார். இத்தனை நாளா கேட்காத கேள்வி. கெமிக்கல் இன்ஜினியரிங் என்று சொன்னால் உரக் கம்பெனியா என்று கேட்பார் என்பதால் நேரா விஷயத்துக்கு வந்தேன். "பேரீச்சம்பழச் சாறு இருக்குல்லா பெரியப்பா, அதை ஒரு சவ்வு வழியா விட்டுத் தெளிய வைக்கிறோம்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "தெளிய வச்சு?"

அவ்வளவுதான். நக்கல் எல்லாம் இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வருஷமா ஷார்ஜாவில் உட்கார்ந்து நான் செய்கிற வேலையே அந்த ரெண்டு வார்த்தைக்கு முன்னால நொண்டியடிக்குது. அதைத்தான் இங்கே புலம்பப் போகிறேன்.

முதலில் வேலை என்னன்னு சொல்லிடறேன். பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி, வெந்நீரில் ஊற வெச்சுக் கரைத்தால் புளிக்கரைசல் மாதிரி ஒரு சாறு வரும். கொழகொழன்னு, அழுக்குப் பழுப்பு. நாரின் தூள், புரதம், பெக்டின் எல்லாம் அதில் மிதக்கும். பெக்டினேஸ் என்கிற என்சைமைப் போட்டு 45, 50 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்தால் கொழகொழப்பு குறையும். அப்புறம் பம்பு வைத்துச் சவ்வுக்குழாய்க்குள்ளே தள்ளுவோம். மறுபக்கம் சொட்டுச் சொட்டாக வருவது, நம்ம கஃபட்டேரியா சுலைமானி டீ நிறத்தில், கண்ணாடி மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கே புல்லரிச்சுது, பொய் சொல்லல.

சவ்வு என்றதும் டீ வடிகட்டி மாதிரின்னு நினைச்சுக்காதீங்க. வடிகட்டியில் டீ நேராக விழும், சக்கை மேலே குவியும், கொஞ்ச நேரத்தில் அடைச்சுக்கும். இங்கே சாறு சவ்வை முட்டாது, உரசிக்கொண்டே வேகமாக ஓடும். வேகமா ஓடுற வாய்க்காலில் மண் படியாது இல்லையா, அந்தக் கணக்கு. ஓடுகிற ஓட்டத்தில் தண்ணியும் சர்க்கரையும் பக்கவாட்டில் நழுவி வெளியே போகும். பெரிசுகள் உள்ளேயே சுத்தும். எவ்வளவு பெரிசு? தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஈஸ்ட் ஒன்று சுமார் 5 மைக்ரான், பாக்டீரியா 1 மைக்ரான் அளவில். மைக்ரோ ஃபில்ட்ரேஷன் சவ்வில் துளை 0.2 மைக்ரான் என்று வைத்தால் இவை ரெண்டும் தாண்டாது. அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் அதைவிடப் பொடி. பெக்டினும் புரதமும் அதில் மாட்டிக்கும், சர்க்கரை மாட்டாது. அதுக்கும் கீழே போனால் ஆர்ஓ. அங்கே சர்க்கரையும் உப்பும்கூட நின்றுவிடும், தண்ணி மட்டும்தான் தாண்டும்.

இந்த ஊரில் இதெல்லாம் பாடப்புத்தகச் சமாச்சாரம் கிடையாது. குழாயைத் திறந்தால் வருவது கடல். அபுதாபியில் தவீலா என்ற இடத்தில் இருக்கிற ஆர்ஓ ஆலைக்கு ஒரு நாள் கொள்ளளவு 9 லட்சத்து 9 ஆயிரம் கன மீட்டர். இதுக்கு முன்னால பல பத்தாண்டு காலம் வளைகுடா நாடுகள் கடலைக் காய்ச்சித்தான் குடித்தன. ஆவியாக்கி, குளிர வைத்து, பிடித்துக்கொள்கிற முறை. ஒரு கன மீட்டர் தண்ணியைச் சும்மா கொதிக்க வைத்து ஆவியாக்கினால் 600 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேணும். அந்த வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தித்தான் அந்த ஆலைகள் கட்டுப்படியாயின. சவ்வு முறையில் அதே தண்ணிக்கு மூணு, நாலு யூனிட் மின்சாரம். எண்ணெய் மேலே உட்கார்ந்திருக்கிறவனே காய்ச்சுறதை விட்டுட்டு சவ்வுக்கு மாறிக்கிட்டு இருக்கான் பாருங்க. இதை மனசில் ஓரமா வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அதுக்காகச் சவ்வு ஒன்றும் தெய்வம் இல்லை. 2008 கடைசியில் தொடங்கி 2009 வரைக்கும் ஓமன், அமீரகக் கடலோரத்தில் பாசி பெருகித் தண்ணி நிறம் மாறிப்போனது. பாசி விடுகிற கொழகொழப்பு சவ்வை அடைத்து, சில ஆலைகளை நிறுத்தியே வைக்க வேண்டியதாகிவிட்டது. பேரீச்சம்பழப் பெக்டின் எங்க லேப் குழாயில் செய்கிற அதே வேலையைக் கடல்பாசி ஊர்க் குழாயில் செய்தது. எதை வடிகட்டுகிறோமோ அதுதான் வடிகட்டிக்கு எதிரி.

(நடுவுல ஒரு பெருமை பீத்திக்கறேன்: ஆர்ஓவை வேலைக்கு ஆகிற பொருளாக மாத்தின முதல் சவ்வை 1960ஐ ஒட்டிக் கலிஃபோர்னியாவில் செய்த ரெண்டு பேரில் ஒருத்தர் சிட்னி லோப், இன்னொருத்தர் இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜன். உங்க வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்குற பெட்டியில் அவர் கை இருக்கு.)

சரி, சாறுக்கு வருவோம். ஆப்பிள் ஜூஸைத் தெளிய வைக்க 1970களின் கடைசி வரைக்கும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜெலட்டினும் பென்டோனைட் களிமண்ணும் போட்டு, கலங்கலை எல்லாம் திரட்டி, அடியில் படிய வைத்து, அப்புறம் வடிகட்டினார்கள். இன்னைக்கும் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஜெலட்டின் என்பது மாடு அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. அது அடியில் படிந்து வெளியே போய்விடுகிறது, ஜூஸில் தங்குவதில்லை என்பதால் பல நாடுகளில் அதை லேபிளில் எழுத வேண்டியதில்லை. என் ரூம்மேட் காயல்பட்டினத்துக்காரன். இதைச் சொன்னதும் கையில் இருந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கூட இருந்த சுத்த சைவ நண்பனும் பார்த்தான். ரெண்டு பேரும் ஒரே டப்பாவை ஒரே சந்தேகத்தோடு பார்த்ததை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன் :-) அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் வந்தபிறகு ஜெலட்டின் இல்லாமலே தெளிய வைக்க முடிகிறது. நாள் கணக்கில் தொட்டியில் காத்திருந்த வேலை மணிக்கணக்கில் முடிகிறது. ஹலால் பார்க்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. இதுவரைக்கும் சவ்வுக்கு என் ஓட்டு.

அதுக்கு மேலேதான் எனக்கு நெருடல். தெளிவு எதுக்கு?

சாறு கலங்கலாக இருந்தால் என்ன குத்தம்? கலங்கலில்தான் பெக்டின் இருக்கு, பழத்தோட நல்ல சத்துகளில் ஒரு பங்கு அங்கேதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆப்பிள் ஜூஸில் தெளிந்ததைவிடக் கலங்கலில் பாலிஃபினால் ரொம்பவே அதிகம் என்று போலந்துக்காரர்கள் 2007-ல் அளந்தே காட்டினார்கள். இந்த ஊரிலேயே பழைய கோட்டைகளில் மத்பஸா என்று ஒரு அறை உண்டு. பஹ்ரைன் கோட்டையில் இருக்கு, ஓமனிலும் கத்தாரிலும் இருக்கு. தரை முழுக்க வாய்க்கால் வாய்க்காலாக வெட்டியிருப்பார்கள். பேரீச்சம்பழ மூட்டைகளை மேலே மேலே அடுக்கிவிட்டால், அந்தப் பாரத்திலும் வெயிலிலும் பாகு தானாகவே கசிந்து வாய்க்கால் வழியாக ஓடி ஜாடியில் சேரும். அதுதான் திப்ஸ். கருகருன்னு இருக்கும், அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. அதைத் தொட்டு ரொட்டி சாப்பிட்ட யாரும் "ஐயோ தெளிவா இல்லையே" என்று அழுததாகத் தெரியவில்லை.

தெளிய வைப்பதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. திராட்சைச் சாறையோ ஆப்பிள் சாறையோ சவ்வில் விட்டு, அப்புறம் நிறத்தையும் புளிப்பையும் உப்பையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, காய்ச்சிச் சுண்ட வைத்தால் கடைசியில் மிஞ்சுவது வெறும் சர்க்கரைப் பாகு. பழத்தின் பேர் மட்டும் மிச்சம். அதை இன்னொரு பானத்தில் கலந்தால் பொருள் பட்டியலில் 'சர்க்கரை' என்று வராது, 'பழச்சாற்று அடர்வு' என்று வரும். அமீரகத்தில் 2017 அக்டோபரில் சோடா பானங்களுக்கு 50 சதவீத வரி, 2019 டிசம்பரில் சர்க்கரை சேர்த்த மற்ற பானங்களுக்கும் அதே வரி என்று வந்தது. சர்க்கரை சேர்க்காத முழுப் பழச்சாறுக்கு விலக்கு. அப்படி விலக்குக் கொடுக்கும்போது, டப்பாவில் இருப்பது பழமா பழத்தின் ஆவியா என்று கேட்க வேண்டாமா? தெளிவு ஜாஸ்தியாக ஜாஸ்தியாக எனக்குச் சந்தேகம்தான் ஜாஸ்தியாகுது.

லேபில் எல்லாருமே ஒரே எண்ணைத்தான் துரத்துகிறோம்: கலங்கல் எவ்வளவு குறைந்தது. பேப்பரில் போட வசதியான எண். என் கட்சி என்னன்னா, சவ்வோட நிஜமான திறமை தெளிய வைக்கிறது இல்லை. சூடு காட்டாமல் காப்பாத்துறது, அப்புறம் சூடு காட்டாமல் சுண்ட வைக்கிறது. இந்த ரெண்டும் பேரீச்சம்பழத்தைவிடப் பெரியப்பாவோட பதனிக்குத்தான் ரொம்பத் தேவை.

பதனி தெரியாத பதிவர்களுக்கு (சென்னைக்காரங்களைத்தான் சொல்றேன்): பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுவது. கலயத்தில் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதனி, தடவாவிட்டால் புளித்துக் கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. ஆக, ஒரு பனையேறி குற்றவாளியா இல்லையா என்பதை ஒரு விரல் சுண்ணாம்புதான் தீர்மானிக்குது. அந்தச் சுண்ணாம்பும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். காலையில் பட்டையில் ஊத்திக் குடித்தால் அமிர்தம், மத்தியானம் தாண்டினால் நம்ப முடியாது. கொதிக்க வைத்துப் பாட்டிலில் அடைத்தால் கெடாது, ஆனால் அது பதனி இல்லை, கருப்பட்டிக் கரைசல். அந்த வாசனையே வேற.

இங்கேதான் 0.2 மைக்ரான் வருது. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாண்டாத சவ்வில் குளிர்ச்சியாகவே வடிகட்டி, சுத்தமான பாட்டிலில் அடைத்தால் சூடே காட்டாமல் காப்பாற்றலாம். இளநீருக்கு இதே யோசனையை ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு 2000 வாக்கிலேயே செய்து காட்டி, பிரிட்டனில் காப்புரிமையும் வாங்கியது. லேசாகப் பேசுறேன்னு நினைக்காதீங்க, சிக்கல் இருக்கு. புளித்துப்போனதைச் சவ்வு திருப்பித் தராது. ஈஸ்ட்டைப் பிடிக்கும், அது ஏற்கனவே போட்ட சாராயத்தைப் பிடிக்காது. சர்க்கரையை உடைக்கிற என்சைம்கள் கரைந்தே இருப்பதால் அந்தத் துளை வழியாக நழுவிவிடும், அதனால் அப்புறமும் ஃபிரிட்ஜ் வேணும். எல்லாத்துக்கும் மேலே, மரத்திலிருந்தே குளிர்ச்சியாக இறங்கணும். தென்னைக்குக் காசர்கோட்டில் இருக்கிற மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் ஐஸ் பெட்டியைப் பாளையிலேயே கட்டி நீரா இறக்குகிற முறையைக் கொண்டுவந்தது. தென்னை நீராவுக்குத் தமிழ்நாட்டில் 2017-ல் அனுமதியும் வந்தது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கிட்டுத் தினம் முப்பது பனை ஏறுன்னு பெரியப்பாவிடம் சொன்னால் என்ன கிடைக்கும்னு எனக்குத் தெரியும். செருப்பு.

அதனால் பாட்டில் பதனியை நான் ரெண்டாவதாகத்தான் வைப்பேன். முதல் இடம் கருப்பட்டிக்கு.

எங்க பெரியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியப்பா மரத்தில் இருக்கிற நேரமெல்லாம் அவங்க விடிலியில் இருப்பாங்க. ஓலைக் கூரை, உள்ளே அடுப்பு, அடுப்பு மேலே பெரிய அண்டா. பதனி பாகாகிற வரைக்கும் மணிக்கணக்கில் கிண்டிக்கொண்டே இருக்கணும், விறகு தள்ளிக்கொண்டே இருக்கணும். சின்ன வயசில் கருப்பட்டிக் கூழுக்காக நான் உள்ளே ஓடுவேன், ரெண்டு நிமிஷத்தில் கண்ணைக் கசக்கிக்கிட்டு வெளியே வந்துடுவேன். அவங்க நாற்பது வருஷமா உள்ளேயே இருக்காங்க. இப்ப இருமல் இல்லாத நாள் இல்லை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சப்ப எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அந்தக் குறியீட்டில் புகை எங்கேயும் வராது.

கனடாவிலும் அமெரிக்காவின் வெர்மான்ட்டிலும் மேப்பிள் மரத்துப் பால் இறக்கிப் பாகு காய்ச்சுகிற விவசாயிகள் இருக்காங்க. அந்தப் பாலில் சர்க்கரை வெறும் 2 சதவீதம். 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. விறகும் எண்ணெயும் எரித்து மாளாமல் 1970களிலிருந்து அவர்கள் ஆர்ஓ வைக்க ஆரம்பித்தார்கள். முதலில் சவ்வில் விட்டுத் தண்ணியை முக்காவாசி கழித்துவிட்டு, மீதியை மட்டும் அடுப்பில் ஏத்துவார்கள். பாகு பாகாகவே இருக்கு. அவங்களும் காட்டு மரத்துக்காரங்கதான், விஞ்ஞானிகள் இல்லை.

நம்ம கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பதனியில் சர்க்கரை 12 சதவீதம் என்று வைப்போம். 100 கிலோ பதனியில் 12 கிலோ சர்க்கரை, மீதி பெரும்பாலும் தண்ணி. இதை ஆர்ஓவில் 24 சதவீதம் வரைக்கும் கொண்டுபோனால் 50 கிலோ தண்ணி அடுப்புக்கே போகாமல் கழியும். காய்ச்சி ஓட்ட வேண்டிய தண்ணியில் பாதிக்கு மேலே! அந்த 50 கிலோவை ஆவியாக்க 31 யூனிட் வெப்பம் வேணும், அதுவும் விறகடுப்பின் பாதி சூடு காற்றில் போகிறதைக் கணக்கில் எடுக்காமல். சவ்வுப் பம்புக்கு ஒரு யூனிட் மின்சாரம் கூட ஆகாது. அழுத்தம்? 12 சதவீதச் சர்க்கரைக் கரைசலை மீறித் தண்ணியை வெளியே தள்ள 10 பார் அளவு அழுத்தம் வேணும், 24-க்கு வரும்போது 25-ஐ ஒட்டி. இந்த வளைகுடாக் கடல் தண்ணிக்கு அதுவே 30-க்கு மேலே. அதாவது இங்கே கடலுக்குச் செய்யறதைவிட நம்ம பதனிக்குச் செய்யறது லேசு. (யாரும் வீட்டு ஆர்ஓ பெட்டியில் பதனியை ஊத்திப் பார்க்காதீங்க சாமி. அதுக்கு அந்தத் தெம்பு கிடையாது.) கழிகிற தண்ணியும் வீண் இல்லை. தேரி மணல் காட்டில் நல்ல தண்ணி கிடைச்சா வேண்டாம்னு யார் சொல்லப் போறாங்க.

என்ன ஆட்சேபணை வரும்னு தெரியும். ஒன்று, கருப்பட்டியோட ருசியே அந்த நீண்ட கொதிப்பில்தான் இருக்குன்னு சொல்வீங்க. மேப்பிள்காரங்களுக்குள்ளும் இதே சண்டை நடந்தது. என் யோசனையில் நிறமும் வாசனையும் பெரும்பாலும் கடைசிப் பாகுப் பதத்தில் வருவது. அந்தப் பகுதியை நாம் தொடவே இல்லை. ஆனால் சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்லணும், நான் இன்னும் சாப்பிடலை. ரெண்டாவது, சுண்ணாம்பு. சுண்ணாம்பு சவ்வில் படிந்தால் கல்லாகும். முன்னாடியே அதைத் தெளிய வைத்து இறுத்துவிட்டு, அப்பப்ப எலுமிச்சை அமிலம் விட்டுச் சவ்வைக் கழுவணும். முடியாத வேலை இல்லை, ஆனால் தினப்படி வேலை. யாராவது ஒருத்தர் பொறுப்பாகப் பார்க்கணும்.

மூணாவதுதான் எனக்கே பயமா இருக்கு. மிஷின் யாருடையது? ஒரு பனையேறியால் வாங்க முடியாது. ஊருக்கு ஒன்று, சங்கத்தின் பேரில் இருந்தால் சரி. வியாபாரி ஒருத்தர் வாங்கிப் போட்டால் பதனி விலையை அவர்தான் சொல்வார். வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து கருப்பட்டி என்று விற்கிறவர்களுக்கும் இந்த மிஷின் சுகம்தான். அப்புறம் பெரியம்மா புகையிலிருந்து தப்பிப்பாங்க, கூடவே கருப்பட்டியிலிருந்தும் வெளியே தள்ளப்படுவாங்க. இதைத் தீர்க்கிற சவ்வு எங்க லேபில் இல்லை.

இதையெல்லாம் போன புதன்கிழமை என் கைடிடம் சொன்னேன். பதனி என்றால் என்னன்னு அவருக்கு விளங்கவைக்கவே இருபது நிமிஷம் ஆச்சு. கடைசியில், "இருபது லிட்டர் கொண்டு வா, ஓட்டிப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார். சாம்பிள் எப்படி விமானம் ஏறும், நடுவழியில் புளித்தால் சாராயம் கொண்டுவந்த கேஸ் ஆகுமா என்று எல்லாம் அவர் யோசிக்கலை. அதனால இப்போதைக்கு ஊரில் கிடைக்கிற பதனியில் சர்க்கரையும் சுண்ணாம்பும் எவ்வளவு என்று மட்டும் அளக்கச் சொல்லி, அந்த அளவுக்குச் செயற்கையாகக் கரைத்து இங்கே ஓட்டலாம் என்று முடிவு.

பெரியப்பாவுக்கும் போன் பண்ணினேன். தெளிய வைக்கிறதுக்கு இல்ல பெரியப்பா, பெரியம்மா அடுப்புக்குப் பாதித் தண்ணியைக் குறைக்கிறதுக்கு என்று சொன்னேன். இந்தத் தடவை யோசிச்சார். "பாகு திரளுமாலெ? அதைக் கேட்டுச் சொல்லு மொதல்ல" என்றார். பக்கத்தில் பெரியம்மா, "அவன்கிட்ட போனைக் குடுங்க" என்று வாங்கி, விறகு விலை என்ன ஆயிருக்குன்னு தெரியுமா என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினாங்க. நடுவுல நாலு தடவை இருமினாங்க.

டிஸ்கி: தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துப் பதிவர்கள் யாருக்காவது பதனிச் சுண்ணாம்பை இறுத்துப் பழக்கம் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க, எத்தனை நேரம் வைக்கணும், அடியில் எவ்வளவு படியுதுன்னு. கருப்பட்டி பார்சல் அனுப்ப விரும்புகிறவர்கள் தனிமடலில் வரவும் :-)